கல்லறையில் போட்ட மூட்டம்

கல்லறைத் திருநாளன்று அம்மாவைத் திண்டுக்கல்லில் உள்ள அப்பாவின் கல்லறைக்கு அழைத்துப் போயிருந்தேன். முட்டிவலி என்பதால் அம்மா உட்கார்ந்தே செபமாலை சொன்னார். முந்தின நாள் மழை. புல்லிலிருந்து கிளம்பிய கொசுக்கள் அவர் கால்களைப் பிடுங்கின.

வேப்பந்தழையைக் குவித்துப் பற்றவைத்துப் புகைமூட்டம் போட்டேன்.

"எதுக்குப்பா, செத்த நேரத்துல கெளம்பிருவோம்ல" என்றார்.

நான் கேட்கவில்லை. இன்னொரு கை பச்சைத் தழையைப் போட்டேன். புகை, கல்லறைக்கு மேலே கவிந்து நின்ற புளியமரத்துக்குள் ஏறியது. அங்கே பெரிய தேன்கூடு இருந்ததை நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

தேனீக்கள் இறங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். கேட்டைத் தாண்டிய பிறகுதான் அம்மா நினைவுக்கு வந்தார். அப்போதும் உள்ளே போகத் துணிவில்லை.

எல்லாம் அடங்கியபின் போனேன். பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு பெண், தன் முந்தானையால் அம்மாவை மூடி, மேலே கவிழ்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லண்ணே, பயந்துட்டாக. தண்ணி குடுங்க" என்றாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ ஓடுனதும் நல்லதாப் போச்சுப்பா. இல்லேன்னா ஒன்னையும்ல கொட்டியிருக்கும்" என்றார்.

மனதாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.