பை காக்கிறவள் கப்பல் ஏறிய நாள்

எந்தக் குடும்பம் எங்கே போனாலும் பைகளுக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கோயிலானாலும் கடற்கரையானாலும் மற்றவர்கள் சுற்றிவிட்டு வரும்வரை அவளுக்கு ஒரு மரநிழல். எங்கள் வீட்டில் அது நான். யாரும் என்னை நியமித்ததாக நினைவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை உட்கார்ந்தேன். அப்புறம் பைகளே என்னைத் தேடி வர ஆரம்பித்துவிட்டன.

மதுரைக்குப் போகிற வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. முதல் தடவை போனபோது நாள் முழுக்க ஒரு வேப்பமரத்தடியில் பைகளோடு இருந்தேன். எதிரே ஒரு கப்பல். தண்ணீரில் போகிற கப்பல் இல்லை. இரும்புக் கால்களில் தொங்கிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் வீசி ஆடுகிற கப்பல். அது மேலே போகும்போதெல்லாம் உள்ளே இருந்தவர்கள் சேர்ந்து கத்தினார்கள். என்னைவிட வயதான பெண்கள்கூடக் கத்தினார்கள். எனக்கும் அப்படி ஒரு தடவை கத்திப் பார்க்க வேண்டும்போல இருந்தது. வீட்டிலும் கத்துகிறோம்தான், அது வேறு கணக்கு. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துக் கையில் கட்டிவிட்ட காகிதப் பட்டை, கசங்காமல் என்னோடு வீடு திரும்பியது.

அதனால் போன கோடை விடுமுறையில் மறுபடி பேச்சு வந்தபோது முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவ கப்பல்ல ஏறாம வர மாட்டேன்."

"ஏறு. ஒன்னைய யாரு வேணாம்னா?" என்றார் வீட்டுக்காரர்.

யாரும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பைகளை யார் பார்ப்பது என்றும் யாரும் சொன்னதில்லை.

அன்றைக்கு விடிவதற்குள் தோட்டத்தில் மல்லிகை எடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிய கையோடு அடுப்பைப் பற்றவைத்தேன். புளிச்சோறு, தயிர்சோறு, வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. நாங்கள் இருவர், மூன்றாவது படிக்கிற மகள், கொழுந்தன், அவர் மனைவி. இத்தனை பேருக்கு ஆக்கியதை இன்னொரு குடும்பமும் சேர்ந்து சாப்பிடலாம். வெளியூரில் பசித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தே பழகியவர்கள் நாங்கள். அந்தப் பயத்தில், போகிற வழியில் திண்டுக்கல்லில் வேறு இட்லி சாப்பிட்டார்கள். நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன்.

பூங்கா வாசலில் காவலாளி தூக்குவாளியைப் பார்த்ததும் மறித்துவிட்டார்.

"இப்பல்லாம் வெளிச் சாப்பாடு உள்ள போகக் கூடாதும்மா. நடுவுல வெளிய வந்தாலும் திரும்ப விட மாட்டாங்க."

வீட்டுக்காரர் வெயிலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் வேன்ல கெடந்தா தயிர்சோறு என்னத்துக்கு ஆகும்? சோத்தக் கொட்டுறதா? இங்கனயே சாப்பிட்டுட்டுப் போயிருவோம்."

எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டுவது என்ற பேச்சே கிடையாது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரு புங்கமரத்தடியில் பந்தி விரித்தாயிற்று. மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். பசிக்கவில்லை என்று ஆரம்பித்தவர்கள், "மதினி, இன்னும் செத்த போடுங்க", "அக்கா, வறுவல் இருக்கா?" என்று வாளியின் அடியைக் கண்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். மகள் மட்டும் முட்டையில் பாதியைக் கடித்துவிட்டு, கப்பலுக்கு நேரமாகிறது என்று வாசலுக்கு ஓடிவிட்டாள். நான் உட்கார்ந்தபோது அடியில் ஒட்டிய நாலு பருக்கையும் ஒரு காய்ந்த மிளகாயும்தான் இருந்தன. எரிச்சலாக வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். பைகள் என் தோளுக்கு வந்தன.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். உண்டுவிட்டுச் சுற்றினால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. முதலில் பெரிய பெரிய கோப்பைகளில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டார்கள். கொழுந்தன் மனைவி இறங்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கொழுந்தன் சின்ன ரயிலில் ஏறி வளைந்து வளைந்து வந்து, நேரே ஒரு செம்பருத்திச் செடிக்குப் பின்னால் போனார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் மானம் கப்பலேறிவிட்டது. நான்தான் இன்னும் ஏறவில்லை.

கப்பலுக்கு மகளோடு வீட்டுக்காரர் போவதாக ஏற்பாடு. தம்பியையும் தம்பி மனைவியையும் பார்த்துச் சிரித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே வரிசையில் நின்றவர், எதிரே அது ஆடுகிற ஆட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததிலேயே வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்.

"சோறு நெஞ்சு வரைக்கும் நிக்கிது," என்று கல் பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

மகள் அழ ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளையைத் தனியாக ஏற்ற மாட்டோம், பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்று கப்பல்காரர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்தார். கடைசியில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ போயிட்டு வாறியா?"

தோளில் கிடந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். காலி வாளியையும் வைத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தேன்.

அவள் என்னைக் கடைசி வரிசைக்கு இழுத்துப் போனாள். அங்கேதான் அதிகம் தூக்குமாம். முதல் வீச்சிலேயே அடிவயிறு கழன்றுபோன மாதிரி இருந்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்தேன், கப்பல் கேட்டால்தானே. அடுத்த வீச்சில் தென்னந்தோப்புகளும் அதற்கப்பால் சிறுமலையும் தெரிந்தன. கீழே பார்த்தால் என் குடும்பம் பைகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் கத்தினேன் பாருங்கள், மகளே ஒரு நிமிடம் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இறங்கிய கையோடு மறுபடி வரிசையில் நின்றோம். பிறகு ராட்டினம், சறுக்கு, பொம்மை ரயில், திரும்பவும் கப்பல். வயிறு காலியாக இருந்ததில் எதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்காரர் தெளிந்து, எல்லாப் பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காலைல நீ சாப்டியா?"

"சாப்பிட்டிருந்தா ஒங்க பக்கத்துல படுத்துல்ல கெடந்திருப்பேன்."

நேரே கடைக்குப் போனார். சுடச்சுட பஜ்ஜியோடு திரும்பி வந்தார். வரிசையில் நின்றபடியே மகளும் நானும் தின்றோம். பைகளை அன்றைக்குச் சாயங்காலம்வரை அவர் கீழே வைக்கவில்லை.

இந்தக் கோடைக்கும் போகலாம் என்று முடிவானபோது அவரே சொன்னார், "இந்தத் தடவ நீ அடுப்படில கஷ்டப்பட வேணாம். உள்ளயே வாங்கிச் சாப்பிட்டுக்கலாம்."

"வீட்டுச் சோறு மாதிரி வருமா? நானே ஆக்குறேன்," என்று சொல்லிவிட்டு, புளியை இன்னும் ஒரு கை கூடுதலாக ஊறப்போட்டேன்.