முழு விலைத் தீவு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினேழு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அவர். எல்லோருக்கும் இஸ்திரிக்காரர். நாலு மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வந்தால், "ஏன் லேட்டு?" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. கைகால் கழுவி, சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்.

அதில் ஒரு கடல் விளையாட்டு. படகு ஓட்டலாம், மீன் பிடிக்கலாம், கரையில் வீடு கட்டலாம். வெளிவந்த முதல் வாரமே அதை வாங்கிவிட்டார். பிறகு வந்த தீவுகளையும் ஒவ்வொன்றாகக் காசு கொடுத்தே வாங்கினார். அங்கே அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி, நண்டு என்ற பேரில். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எட்டு வருடமாக இருவருக்கும் ஒரே படகு. அவரிடம் தினமும் "சாப்பிட்டீங்களா" என்று விசாரிக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

இப்போது ஐந்தாவது தீவு வந்தது. பழையவர்களுக்கு விலை இரண்டு நாள் சம்பளம். புதிதாகச் சேருகிறவர்களுக்கோ விளையாட்டும் ஐந்து தீவும் சேர்த்தே ஒரு நாள் சம்பளம்தான். அவருக்கு வயிறு எரிந்தது. கம்பெனிக்கு எழுதினார். 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று பதில் வந்தது. நண்டு முணுமுணுத்துக்கொண்டே வாங்கி, "சீக்கிரம் வாங்க" என்று எழுதிவிட்டுப் புதுத் தீவுக்குப் போய்விட்டது. பத்து நாளாகப் படகில் அவர் மட்டும்.

விரிப்பு மடிக்கும் பெண்ணிடம் சொல்லிப் புலம்பினார்.

"அன்புக்கெல்லாம் தள்ளுபடி குடுப்பாங்களாண்ணே? பேசாம புது ஆளு மாதிரி வேற பேர்ல போங்க. உங்க மூஞ்சி அவனுக்குத் தெரியவா போகுது?"

"தப்பில்லையாம்மா?"

"அவன் பண்றது மட்டும் ரொம்ப நியாயமோ?"

அன்று சாயங்காலமே புதுப் பேரில் சேர்ந்துவிட்டார். ஐந்தாவது தீவின் படகுத்துறையில் நண்டு தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றார்.

"பாதி விலைக்காரங்களோட நான் பேசறதில்ல. தள்ளிப் போங்க" என்று அவருடைய புதுப் பேரைப் பார்த்ததுமே நண்டு எழுதியது.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"என் கூட்டாளிக்கு. காசு சேத்துட்டு இருக்காரு போல."

அவர் மெல்லத் தட்டினார். "நான்தான் அவரு."

"போய்யா. ஒவ்வொரு தீவுக்கும் முழுசாக் குடுத்து வாங்கினவரு அவரு. உன்னை மாதிரி பின்வாசல் வழியா வர்ற ஆளா?"

அவரைப் பற்றி இத்தனை நல்லதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அதையும் வேற்று ஆளாக நின்றல்லவா கேட்க வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, விளக்குப் போடவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

சம்பளம் வந்த அன்று பழைய பேரில் போய் இரண்டு நாள் கூலியையும் கட்டினார். படகு கரை சேருமுன்பே நண்டு ஓடி வந்தது.

"வந்துட்டீங்களா. 'நான்தான் அவரு'ன்னு இங்க ஒருத்தன் வந்தான். விரட்டி விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்று எழுதினார்.

இரண்டு பேருமாகப் படகைத் தள்ளினார்கள். கரை மறையும்வரை நண்டு அந்தத் திருட்டுப் பயலை விடாமல் திட்டிக்கொண்டே வந்தது. இவரும் "ஆமா, ஆமா" என்று தட்டிக்கொண்டே இருந்தார்.