கச்சான் காலத்துப் பொய்

சண்டை முடிஞ்சு, எங்களோட மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் ஒவ்வொரு வீடா ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நேரத்துலதான் என்ட வீட்டுக்காரருக்குக் கை நடுங்கத் தொடங்கிச்சு. கடல்தொழில் செஞ்ச மனுசன், வலையில ஒரு முடிச்சுப் போட ஏலாமப் போச்சு. "நடுக்கம் நிண்டதும் நாமளும் போவோம்" எண்டார். நிக்கல்ல. பிறகு தனியா வாசலைத் தாண்டவும் ஏலாது. கரைத்தீவுலயே தங்கிட்டோம். நான் தைச்சுத்தான் வீடு ஓடிச்சு.

கிளினிக் டொக்டர் நல்ல பொம்புள. பொறுமையாச் சொல்லித் தந்தா. மூளையில உள்ள சின்னச் சின்னக் கலமெல்லாம் பழுதாப்போன புரதத்தை உடைச்சு அப்புறப்படுத்தணுமாம். இவருக்கு அந்த வேலை சரியா நடக்கல்ல. உடையாத புரதம் கட்டியாத் தேங்கி, அந்தக் கலத்தையே சாகடிக்குதாம். மருந்துக் குளிசையையும் சாப்பாட்டையும் பற்றி என்னமோ சொன்னா. என்ட தலையில அது ஏறல்ல, புரதம்தான் நிண்டிச்சு.

வீட்டுக்கு வந்து மகள்ட சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினேன். புரத உணவு: மீன், இறைச்சி, முட்டை, பருப்பு. யா அல்லாஹ்! கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நானே ஆக்கிப்போட்டு அவர்ட மூளையை அடைச்சிருக்கேனே எண்டு ஒப்பாரி வச்சு அழுதேன். அண்டைக்கே மீனை நிப்பாட்டினேன்.

காரணத்தைச் சொன்னா மனுசன் கேக்கமாட்டார், மீனில்லாமச் சோறு இறங்காத ஆள். "கச்சான் காத்து பலம், வள்ளம் கடல்ல இறங்கல்ல" எண்டேன். பிறகு கத்தரிக்காயும் கீரையும்தான். வீட்டுல வாசம் வரக்கூடாதெண்டு நானும் தின்னல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்த குர்பான் இறைச்சியை வேலியால அடுத்த வீட்டுக்காரிக்குக் குடுத்தேன். "உனக்கென்ன விசரா?" எண்டா அவ. "உன்ட வேலையைப் பாரு" எண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முதல்ல "இண்டைக்கும் மீனில்லையா?" எண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேக்கிறதை விட்டுட்டார். ஆசை விட்டுப்போச்சு, இனிச் சுகம் வரும் எண்டு சந்தோசப்பட்டேன்.

அடுத்த கிளினிக்குல டொக்டர் அவர்ட துருத்தின தோள் எலும்பைப் பார்த்துட்டு, அவரை வெளியே இருக்கச் சொல்லி, என்ன குடுக்கிறீங்க எண்டு என்னைக் கேட்டா. பெருமையாச் சொன்னேன். அவ பேனையைக் கீழ வச்சுட்டா.

"உம்மா, மூளையில தேங்குறது உடம்பு தானே செய்யிற புரதம். மீனால வாறதில்ல. குளிசை போட்டுக் கொஞ்சம் பிந்திச் சாப்பாடு குடுங்க எண்டுதானே சொன்னேன்? சாப்பாட்டுல புரதம் இல்லாட்டி உடம்பு தன்ட சதையைத்தான் உடைச்சு எடுக்கும்."

உடைய வேண்டியது உடையல்ல. உடையக்கூடாததை நான் உடைச்சுட்டேன். பஸ்ஸுல அவர்ட முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல்ல.

அண்டைக்கே ஓரா மீன் வாங்கிப் புளியாணம் ஆக்கி, முள்ளெடுத்து, சோத்தோட பிசைஞ்சு ஊட்டினேன். ரெண்டு வாய் இறங்கிச்சு. மூணாவது தொண்டையில சிக்கி இருமி வெளியே வந்திச்சு. தின்னவும் பெலனில்லாமப் போச்சு மனுசனுக்கு. தாங்க ஏலாம எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவருக்குப் பேச்சும் அப்ப இழுத்து இழுத்துத்தான் வரும்.

"கச்சான் எப்ப அடங்கும் எண்டு எனக்குத் தெரியாதா புள்ள? காலையில வள்ளச் சத்தம் கேக்கும்தானே. நீயும் தின்னாமக் கிடந்தாய். கையில காசில்ல, சொல்ல வெக்கப்படுறாய் எண்டு நெனச்சேன். அதுதான் கேக்காம இருந்தேன்."