செல்லக்கனியின் கையும் செயலாளர் மகளின் முகமும்

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தை ஒட்டி, ஒரு பேக்கரியின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள் ஜெஸ்பின். ‘பிள்ளய கொஞ்சம் வெளுப்பா ஆக்கித் தாங்க’ என்று கேட்டு வந்தவர்கள் ஏறின படியிலேயே இறங்கிப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒருத்தியிடம், “மருமவளுக்க நெறம் பிடிக்கலன்னா அத பொண்ணு பாக்கப் போன எடத்துல சொல்லணும். எனக்க கம்ப்யூட்டர்ல வந்து சொல்லப்பிடாது” என்று சொல்லி, ஆல்பத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்ல வேலைக்காரிதான், வாய்தான் ஆகாது என்று பஜாரில் அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த வாய் சும்மா வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவள் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு இருந்த வேலை கல்யாணப் பெண்களை வெளுப்பாக்குவதுதான். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை கன்னம், கழுத்து, கை, மறுபடியும் கன்னம். லிஜினோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் ஆல்பத்தைப் பரிசாகச் செய்து கொடுத்தார்கள். அவளுடைய அம்மா நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, “இது யாரு பிள்ளே, லிஜின் பக்கத்துல?” என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். மூக்கோரத்து மச்சத்தைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த மாதமே ஜெஸ்பின் வேலையை விட்டாள். லிஜின் கத்தாருக்குத் திரும்பிப் போனான், இவள் மார்த்தாண்டத்தில் கடை போட்டாள்.

கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுத்தாலும் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு ஒரு வேலை. ஆளுக்கு வேடம் போட்டு, சாம்பல் துணிக்கு முன்னால் நிறுத்தி, பக்கவாட்டில் ஒற்றை விளக்கை வைத்துப் படமெடுப்பாள். பிறகு கம்ப்யூட்டரில் அந்த உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து, தானே எங்கெங்கோ போய் எடுத்துவந்த பின்னணிகளுக்குள் வைப்பாள். கடியப்பட்டணத்தில் எடுத்த மழைவானமும் இராஜாக்கமங்கலத்துப் பனைகளும் எங்கோ பார்த்த கல்மதிலும் ஒரே படத்துக்குள் வந்து சேரும். எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து விழும்படி இழைத்து, கடைசியில் கம்ப்யூட்டர் பேனாவால் தீற்றல் தீற்றலாகப் பூசுவாள். முடித்துக் கித்தானில் அச்சடித்தால் எண்ணெய்ச் சாயத்தில் யாரோ மாதக்கணக்கில் வரைந்த ஓவியம்போல இருக்கும். ஊர்க்காரர்கள் அதை ‘ராஜாராணிப் படம்’ என்றார்கள். பெரும்பாலும் ராஜாராணி வேடம்தான் கேட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

இந்தப் பெயரைக் கேட்டுத்தான் அவளுடைய சொந்த ஊரான காட்டுப்பிலாவிளைக் கிறிஸ்தவ சபையிலிருந்து எபிசன் வந்தார். சபைக் கமிட்டியின் செயலாளர். ஊரில் பாதி வீடுகளுக்கு ஜல்லியும் சிமெண்டும் இறக்கிக் கொடுத்தவர். சபையின் நூற்றெழுபத்தைந்தாம் ஆண்டு வருகிறது, புது மண்டபத்தில் மாட்ட அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியின் படம் வேண்டும் என்றார்.

“நம்ம சபைப் பொம்பிளைய எல்லாரும் நின்னு பாக்குத மாதிரி ஒண்ணு செய்யணும் மக்கா.”

எந்தப் பெண் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மேல்துணி போடக்கூடாது என்று சாதி விதித்திருந்த காலத்தில், குப்பாயம் என்ற தொளதொளப்பான மேல்சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் கதை அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. சந்தையில் அவர்களை அடித்து, குப்பாயத்தைக் கிழித்தார்கள். கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த சந்தைக்கும் போனார்கள். அவர்களில் ஒருத்தியின் முகமும் யாரிடமும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியின் முகத்தில்தான் அதைத் தேட வேண்டும் என்று ஜெஸ்பின் நினைத்தாள்.

ஊர் ரேஷன் கடையில் அந்த முகம் கிடைத்தது. அரிசி எடை குறைகிறது என்று செல்லக்கனி ஒற்றை ஆளாய் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள். முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற கம்பெனியில் வேலை. அண்டியாபீஸ் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். வறுத்த கொட்டையைத் தல்லித் தல்லி, ஓட்டின் எண்ணெய் ஏறி, அவள் விரல்கள் கறுத்து வெடித்திருந்தன. “வேற ஆளே கிடைக்கலியா?” என்று இரண்டு முறை விரட்டினாள். மூன்றாம் முறை ஜெஸ்பின் குப்பாயத்தைத் தைத்தே எடுத்துக்கொண்டு போய் நின்றதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

முன்பக்கம் கிழித்துவிட்டிருந்த குப்பாயத்தைப் போட்டு விளக்குக்கு முன்னால் நின்றவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கை வேண்டாம் பிள்ளே. அண்டிக்கறை. என்னத்த போட்டுத் தேச்சாலும் போவாது.”

“கைதான் மாமி வேணும். கிழிஞ்ச எடத்த நீங்க சேத்துப் பிடிக்கணும். எதிர ஒருத்தன் இன்னும் இழுத்துக் கிழிக்க வாறான்னு நெனச்சுக்கிடுங்க.”

“வருவானா?” என்றாள் செல்லக்கனி. கிழிசலை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திப் பிடித்து, காமிராவை நேராகப் பார்த்தாள். “வரட்டு, பாப்போம்.”

அந்தப் படம் போதும் என்று ஜெஸ்பினுக்கு உடனே தெரிந்துவிட்டது. பின்னணியில் சந்தைக் கூட்டத்தை நிழலாகக் கரைத்தாள். வானத்தை இருட்டினாள். முகத்தின் ஒரு சுருக்கத்தையும் அழிக்காமல் ஒவ்வொன்றின்மேலும் தனித்தனியாகத் தீற்றினாள். விரல்வெடிப்புகளுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. படத்தின் கோப்பை அனுப்பியபோது எபிசன், “கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு, நாங்களே நாகர்கோயில்ல பிரிண்ட் போட்டுக்கிடுதோம்” என்று குரல்செய்தி அனுப்பினார்.

விழாவுக்குச் செல்லக்கனி புதுச் சேலையில் வந்தாள். அண்டியாபீஸ் பெண்களும் கூடவே வந்து மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேராயர் கயிற்றை இழுத்தார், திரை விலகியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஜெஸ்பின் எழுந்து நின்றுவிட்டாள்.

வானம் அவளுடையது, சந்தை அவளுடையது, குப்பாயமும் அதைப் பிடித்திருந்த கறுத்த விரல்களும் அப்படியே இருந்தன. முகம் மட்டும் வேறு. வெளுத்த முகம், நூல் போட்டுச் சீராக்கிய புருவம், ரோஸ் உதடு. எபிசனின் மகள் ஜினி. துணியைக் கிழிக்க ஆள் வருகிறான், அவள் பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி செல்லக்கனி, கை ஒனக்க கைதானே? தலய எங்க வச்சிட்டு வந்தே?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. செல்லக்கனி சேலைத் தலைப்புக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டாள்.

பந்தியில் எபிசன் பிரியாணி விளம்பிக்கொண்டிருந்த இடத்துக்கே ஜெஸ்பின் போனாள்.

“அண்ணே, எனக்க படத்துல யாரு கை வச்சது?”

எபிசன் சிரித்தபடியே அவளை ஓரமாகக் கூட்டிப்போகப் பார்த்தார். “சத்தம் போடாத மக்கா. பேராயர் இருக்காவ. கமிட்டியில பேசித்தான் செஞ்சோம். வெளியூர்ல இருந்து ஆளுவ வருவாவ, பாத்தா ஒரு ஐஸ்வரியம் வேண்டாமா? ஒனக்க வேலைய ஒண்ணும் கொறை சொல்லல்ல. முகம் மட்டுந்தானே மாத்துனோம். இப்ப ஏ.ஐ.ல அரை நிமிஷம்.”

“ஐஸ்வரியமா? அடிவாங்குனவளுக்கு என்ன ஐஸ்வரியம் அண்ணே? அந்தக் காலத்துல துணியக் கிழிச்சவனும் இதத்தான் சொன்னான், ஒனக்கெல்லாம் இது எதுக்குன்னு. நீங்க முகத்தயே உரிச்சிட்டியளே!”

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எபிசனின் சிரிப்பு போயிற்று. “சபைக்குன்னு குடுத்தாச்சுன்னா அது சபைக்குச் சொந்தம். ஒனக்க வாய ஒனக்க கடையில வச்சுக்க” என்றார். ஜெஸ்பின் மேசையிலிருந்த பேப்பர்தட்டு ஒன்றை எடுத்து அவர் காலடியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்கு வெளியே செல்லக்கனி நின்றுகொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லலாம் என்று கிட்டே போனவளுக்குத்தான் அடுத்த அடி விழுந்தது.

“நான் கேட்டேனா ஒன்கிட்ட? நான் எனக்க பாட்டுக்கு அரிசிக்குச் சண்ட போட்டுட்டு கெடந்தேன். நீதானே வந்து கூப்ட்ட? கைய நீட்டு, கைய நீட்டுன்னு நீட்ட வச்சே. இப்ப ஊரு முழுக்க எனக்க கைய பாத்துச் சிரிக்கு.”

“மாமி, அவனுவ செஞ்சதுக்கு நான்...”

“பேசாத போ.”

அன்று இரவு ஜெஸ்பின் சாப்பிடவில்லை. காலையில் முதல் வேலையாக அசல் படத்தைப் பெரிய பிளெக்ஸாக அடிக்கக் கொடுத்தாள். மறுநாள் அது ஸ்டூடியோவின் முகப்பில் தொங்கியது. ‘காட்டுப்பிலாவிளைச் சபை மறைத்த முகம் இதுதான்’ என்று கீழே எழுதியிருந்தாள். நெரிசலில் நின்ற பஸ்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், போனில் எடுத்தார்கள். சபை வாட்ஸாப் குழுவில் படம் ஓடியது. ஜெஸ்பினுக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை, ஆனால் ஒரு தெம்பு வந்திருந்தது.

அந்தத் தெம்பு வெள்ளிக்கிழமைவரைதான் நின்றது. மத்தியானம் பேக்கரி வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், பஸ்ஸிலிருந்து இறங்கின செல்லக்கனி, பழைய சேலையில் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைத் தலைமேல் பிடித்தபடி ரோட்டோரம் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியேறி வந்தாள்.

சட்டத்தைச் சுவரில் சாய்த்துச் சேலையை உருவினாள். மண்டபத்துப் படம். ஜினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மாமி! எப்பிடி எடுத்திய?”

“மண்டபம் கழுவ ஆளு கேட்டாவ. நான் போனேன். கழுவிட்டு ஏணியப் போட்டுக் கழத்துனேன். எதுக்குன்னு கேட்டான் எபிசனுக்க ஆளு. கை எனக்குள்ளது, எனக்க கைய நான் கொண்டுபோறேன், முகத்த வந்து அவிய வாங்கட்டுன்னு சொன்னேன்.” மூச்சு வாங்கினாள். “முகத்தத் திரும்ப வச்சுத் தருவியேன்னு ஒன்ட்ட கொண்டு வந்தேன். வந்து பாத்தா நீ என்ன செஞ்சு வச்சிருக்கே?”

“அது ஒங்களுக்காவத்தான் மாமி...”

“யாருட்ட கேட்ட?”

ஜெஸ்பின் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அவனுவ முகத்த மட்டுந்தான் எடுத்தானுவ. நீ என்னய முழுசா எடுத்துக் கட்டித் தொங்க விட்டிருக்கே. ஆபீஸ்ல சூப்பர்வைசர் போன நீட்டிக் காட்டுதான். எனக்க மவன் வெளிநாட்டுல இருந்து கூப்டுதான். ஒனக்கு எபிசன்ட்ட கோவம்னா ஒனக்க முகத்த வச்சுச் சண்ட போடு. எனக்க முகம் என்ன ஒனக்குக் கம்பா, எடுத்து அடிக்கதுக்கு?”

எபிசன் சொன்ன எதுவும் அவளை இப்படித் தாக்கவில்லை. செல்லக்கனியின்மேலும் கோபம் வந்தது, அது நியாயமில்லை என்று தெரிந்ததும் தன்மேலேயே இரண்டு மடங்காகத் திரும்பியது. பால்கனிக்குப் போய், கத்தியால் கயிறுகளை அறுத்தாள். பிளெக்ஸ் சரிந்து பேக்கரியின் தகரக் கூரைமேல் விழுந்து, கடைக்காரர் கீழேயிருந்து வைதார். அவருக்கும் சேர்த்து ஒரு வசவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை இழுத்துச் சுருட்டி உள்ளே கொண்டுவந்தாள்.

“தப்புதான் மாமி” என்றாள்.

“தப்புதான்” என்றாள் செல்லக்கனி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இனி இத நேராக்கு.”

அவள் உட்கார்ந்திருக்கும்போதே எபிசன் போனில் வந்தார். சபைச் சொத்தைத் திருடியிருக்கிறீர்கள், ரெண்டு பேர் மேலயும் கேஸ் கொடுப்பேன் என்று கத்தினார். “குடுங்க அண்ணே. ஸ்டேஷன்ல வச்சே தலையும் கையும் யாருக்குன்னு பாத்துப் பங்கு பிரிப்போம்” என்று ஜெஸ்பினும் கத்தினாள். அவர் கேஸ் கொடுக்கவில்லை. தடுத்தது ஜினிதான் என்று பிறகு தெரிந்தது. கல்யாணத் தரகருக்காக எடுத்த படத்திலிருந்து தன் முகத்தை வெட்டி ஒட்டியதைத் திரை விலகியபோதுதான் அவளும் பார்த்திருக்கிறாள். “என்ட்டயும் கேக்கல்லன்னு நானே ஸ்டேஷன்ல வந்து சொல்லுவேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

புதுக் கித்தானில் செல்லக்கனியின் முகத்தோடு படம் அச்சாகி வந்தது. அவள் அதைத் தன் வீட்டில் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். சின்ன அறை, பாதிச் சுவர் படத்துக்கே போய்விட்டது. ஜெஸ்பினுக்குச் சபை வேலைகள் எல்லாம் நின்றுபோயின. சபையைச் சேர்ந்தவர்களின் கல்யாண ஆர்டர்களும் பல கைவிட்டுப் போயின. இரண்டு பேரும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறார்கள். எபிசன் காணிக்கைப் பையோடு அவர்கள் வரிசைக்கு வரும்போது வேறு பக்கம் பார்க்கிறார்.

ஈஸ்டர் முடிந்து சபைப் போதகர் ஜெஸ்பினை அழைத்து, மண்டபத்துச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது, அசல் படத்தில் ஒரு பிரதி தர முடியுமா என்று தன்மையாகக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல ஐயா. படத்துல இருக்கவியள கேளுங்க.”

அவர் செல்லக்கனியிடம் போனார். எபிசன் தன் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, வாயால் கேட்டால் தருகிறேன் என்று அவள் சொன்னாள். ஐயா வந்து கேட்டதே போதாதா என்றதற்கு, “ஐயாவா எனக்க தலய வெட்டுனிய?” என்று கேட்டாள்.

எபிசன் இதுவரை வரவில்லை. மண்டபத்தில் அந்த இடத்தில் இப்போது ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள்.