கடலோர ஹோட்டலில் ஒரு பங்களா ஐயா

இங்கிலாந்தின் பிளாக்பூலில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மலிவான ஹோட்டலுக்குத் தர்மராஜா அரிசி கொண்டுபோனார். சிரிக்க வேண்டாம். அரிசி மட்டுமா? பருப்பு, மிளகாய்த்தூள், பொலித்தீன் பைகளில் இறுக்கிச் சுற்றிய நெத்தலிக் கருவாடு என்று எல்லாமே இலங்கையில், மாத்தளையிலிருந்து வந்த சாமான்கள்.

காலமெல்லாம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக மாத்தளை வந்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டவர். நாவுலப் பக்கம் வேலையாகப் போனால் திணைக்களத்துப் பங்களாவில் தங்குவார். சாமான் பையைக் கொண்டுபோய் அங்கே காவலுக்கிருந்த வோச்சரிடம் கொடுத்தால் போதும். அவன் சமைத்துவைப்பான், சப்பாத்துத் துடைப்பான், ஐயா சாப்பிட்டு முடிக்கும்வரை கதவோரம் நிற்பான். அந்த வோச்சரின் பெயர் இராசமாணிக்கம். ஐயாவுக்கு அவன் வெறும் மாணிக்கம்.

அந்த மாணிக்கத்தின் மகள் சிவரூபினியைத்தான் ஐயாவின் மகன் பவித்ரன் காதலித்துக் கட்டினான். ஐயா பேசாமல் இருந்து பார்த்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனை, “எங்கட டிப்பார்ட்மென்ட்டில இருந்தவர்” என்று நாலு பேருக்குச் சொல்லிவிட்டு மெல்ல நழுவினார். சம்பந்தி என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

இங்கிலாந்தில் குடியேறிய அந்தப் பிள்ளைகள்தான் அவரைக் கூப்பிட்டு, கடல் காட்ட அழைத்துவந்தார்கள். வழியில் காருக்குள் சிவரூபினி கேட்டாள்.

“அடுத்த தடவ எங்கப்பாவையும் கூப்பிடணும் மாமா. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா நல்லாருக்கும். நீங்க சொன்னாத்தான் அவரு வருவாரு.”

“பாப்பம்” என்றார் தர்மராஜா. அவர் அகராதியில் அதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள். அவளுக்கும் அது தெரியும்.

ஹோட்டலில் லிஃப்ட் இல்லை. கம்பளம் வெளிறியிருந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல் முகத்திலேயே அடித்தது. ஏப்ரன் கட்டிய ஒரு கிழவர் மூச்சு வாங்க வாங்கப் பெட்டியை மேலே தூக்கிவந்தார். தர்மராஜா அந்த ஏப்ரனைப் பார்த்தார். ஆளை எடைபோட்டு முடித்துவிட்டார்.

மறுநாள் காலை, கடற்கரையில் நடந்து ஈரமான சப்பாத்தை அறை வாசலில் கழற்றிவைத்தார். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனார். முட்டை பொரித்துக்கொண்டிருந்த கிழவரின் முன்னால் பையை வைத்து, மதியத்துக்கு மூன்று பேருக்குச் சமைக்கும்படி இங்கிலீஷில் உத்தரவு போட்டார். மேசையை விரலால் தடவித் தூசி பார்த்தார். சப்பாத்து மேலே இருக்கிறது என்று விரலைச் சொடுக்கிக் காட்டிவிட்டு, சாப்பாட்டறையில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் கிழவர் கருவாட்டுப் பொதியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து, இதை என்ன செய்வதென்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். “மாணிக்கத்துக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை” என்று தர்மராஜா தமிழில் சலித்துக்கொண்டபோது, சிவரூபினி வாசலில் நின்றிருந்தாள்.

அவள் ஓடிவந்து கிழவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பொதியை வாங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மாமா, அவருதான் இந்த ஹோட்டல் முதலாளி.”

தர்மராஜாவுக்குக் காது மடல் சுட்டது. எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது.

“முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை! முதலாளி எண்டு தெரிஞ்சிருந்தா நான் இப்பிடி நடப்பனே?”

“அப்ப வோச்சரா இருந்தா பரவாயில்லையா மாமா?”

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவரும் கோபப்பட்டுத் தப்பியிருப்பார். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். முதலாளிமுன் பட்ட வெட்கம் அந்த ஒரு கேள்வியில் காணாமல்போய், அதைவிடப் பெரிய வெட்கம் வந்து உட்கார்ந்தது. வோச்சர் வீட்டுப் பிள்ளை பங்களாவுக்குப் பின்னால்தானே வளர்ந்திருக்கும்? தான் விரல் சொடுக்கியதை எத்தனை தடவை அது பார்த்திருக்கும்? அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

மேலே போனார். வாசலில் கிடந்த சப்பாத்தை யாரும் பார்ப்பதற்குள் எடுத்து, சட்டைப்பையிலிருந்த தன் கைலேஞ்சியாலேயே துடைத்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

“அப்பாவுக்கு ஒருக்கா கோல் எடு, பிள்ளை. முகம் தெரியிற மாதிரி.”

திரையில் இராசமாணிக்கம் நாவுல வீட்டு விறாந்தையில், கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டு சிரித்தார். போன் கைமாறி தர்மராஜாவின் முகம் தெரிந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கதிரையை விட்டு.

“ஐயா! சொல்லுங்கய்யா.”

“இருங்கோ, சம்பந்தி” என்றார் தர்மராஜா. “இருங்கோ. இருந்து கதைப்பம். அடுத்த முறை நீங்களும் இங்க வரவேணும்.”

இராசமாணிக்கம் உட்காரவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தோளில் கிடந்த துவாயை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“ஐயா,” என்றார் பயந்த குரலில், “எங்க புள்ள அங்க ஏதும் தப்புப் பண்ணிருச்சுங்களா?”