உப்புக்கொத்தியின் கால் என்ன நிறம்?

சென்ற மாதம் இவ்வலைப்பதிவில் தூத்துக்குடி உப்பளத்துப் பறவை ஒன்றின் படத்தை வெளியிட்டு, அது பெரிய மணல் உப்புக்கொத்தியே என்று உறுதிபட எழுதியிருந்தேன். ஆத்தூரைச் சேர்ந்த செண்பகம் என்னும் வாசகி, "சிறிய மணல் உப்புக்கொத்தியாக இருக்கலாமே?" என்று பின்னூட்டமிட்டார். "நூலைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று விடையளித்தேன். எவரிடமும் பயிலாமல் பதினோர் ஆண்டுகள் நானே படித்துக் கற்றவள். அந்தப் பெருமிதம் எனக்கு உண்டு. ஆயினும் அவருடைய வினா உள்ளத்தை உறுத்தியது. என் கூற்றை மெய்ப்பிக்கவே பிப்ரவரி இறுதிச் சனிக்கிழமையன்று மீண்டும் புறப்பட்டேன்.

பாளையங்கோட்டையில் காலை 4.50க்குப் பேருந்து, 6.05க்குத் தூத்துக்குடி மில்லர்புரத்தில் இறங்கினேன். அங்கிருந்து உப்பளத்திற்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 220 ரூபாய்.

"எந்தக் கம்பெனிக்கு மேடம் போறிய?" என்றார் ஓட்டுநர்.

"பறவை பார்க்கப் போகிறேன், அண்ணாச்சி."

"குருவி பாக்கவா இம்புட்டுத் தூரம்? எங்க வீட்டு மாடிக்குச் சும்மாவே வருதே!"

இரண்டு இனங்களுக்கும் மண்ணிற முதுகு, வெள்ளை வயிறு. அலகு நீண்டு, கால் வெளிறியிருந்தால் பெரியது. அலகு குறுகி, கால் கருத்திருந்தால் சிறியது. என் படத்துப் பறவை தனியாக, நேர்முகமாக நின்றதால் அலகின் நீளம் புலப்படவில்லை. வெளிறிய காலை நம்பியே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்று, ஏழு மணிக்கு வரப்பில் அமர்ந்தேன். முப்பத்தெட்டுப் பறவைகள் இருந்தன. கால் நிறத்தை வைத்து எண்ணிய முதல் கணக்கில் பெரியவை பன்னிரண்டு. அரை மணி நேரம் கழித்து அதே கூட்டத்தில் பெரியவை இருபத்து மூன்று! ஒன்றுகூடப் பறந்து செல்லவில்லை. ஒன்றுகூடப் புதிதாக வரவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன், தொலைநோக்கியைத் துடைத்தேன். குழப்பம் மட்டும் அகலவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி என்னும் தொழிலாளி, தேநீர் வேளையில் அருகே வந்தார். "என்னக்கா, எண்ணி முடிச்சாச்சா?"

கால் நிறத்தை வைத்துப் பிரிக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சேலையைக் கணுக்கால் வரை தூக்கினார்.

"என் காலு என்ன நெறம்னு சொல்லுங்க, பாப்போம்."

சாம்பல் பூத்த வெண்மை. போத்தல் நீரை ஊற்றினார். கருத்த கால் வெளிப்பட்டது.

"கருப்பிய வெள்ளச்சின்னு எழுதிட்டுப் போயிராதியக்கா!"

பின்னாலிருந்து மற்றொரு பெண் குரல் கொடுத்தார்: "ஏளா, உன் காலயும் படம் புடிச்சிப் போட்டுருவாவ!"

அதன்பின் வெளிறிய கால் பறவை ஒன்றை மட்டுமே பின்தொடர்ந்தேன். பாத்தி நீரில் இறங்கி ஏறியதும் அதன் கால் கருத்திருந்தது. வெயிலும் காற்றும் பட்டு உப்புநீர் காய, ஐந்தே நிமிடத்தில் மீண்டும் வெளிறியது. என் குறிப்பேட்டில் ஒரே பறவை பெரியது, சிறியது என்னும் இரண்டு பத்திகளிலும் இடம்பெற்றிருந்தது.

செல்ல விரும்புவோர் ஒன்பதரைக்குள் பார்த்து முடியுங்கள். அதன்பின் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். குடிநீர் இரண்டு லிட்டர் தேவை. பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்து அலகைப் பாருங்கள். உப்பளத்தில் கால் நிறத்தை நம்பாதீர்கள்.

படத்தின் கீழ் "மணல் உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை" என்று திருத்திவிட்டேன். செண்பகம் அவர்களே, நீங்கள் கூறியது சரியா என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. நான் கூறியது தவறா என்பதும் தெரியவில்லை. உங்களை நூல் படித்துவிட்டு வரச் சொன்னது தவறு. அதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.