மேல்வயிற்றை அழுத்திக்கொண்டு வந்தவர்

குடவாசலில் நான் மருந்துக்கடை வைத்திருந்தபோது, இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் அல்சர் மாத்திரை வாங்க வருவார். நல்ல உயரம், சட்டைதான் மாதத்துக்கு மாதம் தொளதொளத்துக்கொண்டே போனது. பேசும்போது கையால் மேல்வயிற்றை அழுத்திக்கொள்வார்.

ஒருநாள் மூன்று மாதத்துக்கு மாத்திரை கேட்டார். துபாய் விசா வந்துவிட்டதாம்.

"குமட்டல் நின்னுச்சா தம்பி?"

"இல்லண்ணே. இப்ப வெளிக்கிப் போனா தார் மாதிரி கறுப்பா இருக்கு."

எடுத்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தேன். "உள்ள ரத்தம் கசியுதுபோல. இன்னைக்கே தஞ்சாவூர் போய் வயித்துக்குள்ள குழாய் விட்டு ஸ்கோப் பாருங்க."

"ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா பிளைட் ஏற முடியாதுண்ணே" என்று சிரித்தார்.

மாத்திரை தர மறுத்தேன். கோபப்படாமல் எதிர்க்கடைக்குப் போனார், அங்கே கொடுத்துவிட்டார்கள்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. துபாயிலிருந்து வருகிறவர்களிடம் யாரென்று சொல்லி விசாரிப்பது?